கடல் கடந்து வரும் பூட்டிய தொலைபேசி

வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்புடன் கொண்டுவந்து கொடுக்கும் கைத்தொலைபேசி, நம் ஊர்ச் சிம் அட்டையை ஏற்க மறுத்துவிடுவது கொழும்பில் அபூர்வமான சம்பவமன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கனடாவிலோ இலண்டனிலோ ஓர் உறவினரேனும் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிதென்றே சொல்லலாம். விடுமுறைக்கு வரும் மாமா, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மருமகளுக்கென்று தாம் பாவித்த தொலைபேசியைக் கொடுத்துச் செல்கிறார். திரை பளிச்சென்று ஒளிர்கிறது. சிம் அட்டையைச் செருகியதும், இந்த அட்டை இதற்குச் செல்லாது என்ற பொருள்பட ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. வீட்டார் அதைப் பழுதென்று எண்ணிக் காலி வீதியிலுள்ள கடைகள் தோறும் ஏறி இறங்கத் தொடங்குகின்றனர்.

அது பழுதன்று, பூட்டு. அப்பூட்டின் இயல்பை அறிந்துகொண்டால் வீண்செலவு பெரும்பாலும் மிச்சமாகும்.

நமது நாட்டில் 1989ஆம் ஆண்டு செல்டெல் நிறுவனம் செல்லிடத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசியை ஒரு கடையிலும் இணைப்பை வேறிடத்திலுமாக வாங்குவதே நம்மவரின் வழக்கமாயிற்று. மேல்நாடுகளில் நிலைமை வேறு. அங்கே சேவை நிறுவனமே தொலைபேசியைச் சொற்ப முன்பணத்துக்குக் கொடுத்து, மிகுதியை மாதந்தோறும் அறவிடுகிறது. வாங்கியவர் இடையில் வேறொரு நிறுவனத்துக்கு ஓடிவிடாதிருக்க, அந்நிறுவனம் தொலைபேசிக்குள் ஒரு பூட்டை வைக்கிறது. ஆகவே அது யந்திரத்தின் குறையல்ல. கடல் கடந்து வந்த ஓர் ஒப்பந்தத்தின் எச்சமே.

பூட்டு எவ்வாறு இயங்குகிறதென்பது மாணவர்களுக்குச் சுவையான விஷயம். ஒவ்வொரு சிம் அட்டையினுள்ளும் பொதுவாகப் பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. கனடாவுக்கு 302, இலங்கைக்கு 413. அடுத்து வருவன நிறுவனத்தின் இலக்கங்கள். நம் நாட்டில் மொபிட்டெல்லுக்கு 01, டயலொக்குக்கு 02, ஹட்ச்சுக்கு 08. பூட்டிய தொலைபேசி, அட்டையைச் செருகியவுடன் இவ்விலக்கங்களை வாசித்துத் தன்னிடமுள்ள குறிப்புடன் ஒப்பிடுகிறது. பொருந்தாவிடின் இணைப்பை மறுக்கிறது; அவ்வளவுதான்.

முற்காலத்து நோக்கியா தொலைபேசிகளில், பூட்டைத் திறக்கும் இரகசிய எண்ணைத் தொலைபேசியின் அடையாள எண்ணிலிருந்தே கணக்கிட்டு எடுக்க முடிந்தது. கணக்கின் சூத்திரம் வெளியே கசிந்தபின், கணினி வைத்திருந்த சிறு கடைக்காரர்கூட நிமிடத்தில் திறந்து கொடுத்தனர். ஐந்து முறை பிழையான எண்ணை அழுத்தினால் அவ்வழி அடைபட்டுவிடும் என்பது மட்டுமே ஆபத்து. அந்தக் காலம் மலையேறிவிட்டது. ஐபோனைப் பொறுத்தவரை பூட்டின் விபரம் அப்பிள் நிறுவனத்தின் ஏட்டிலேயே இருக்கிறது. அதை மாற்றும்படி கேட்கும் உரிமை, பூட்டிய சேவை நிறுவனம் ஒன்றுக்கே உண்டு. சிம் அட்டைக்கு அடியில் மெல்லிய தகடொன்றை வைத்துத் தொலைபேசியை ஏமாற்றும் தந்திரமும் உண்டு. மென்பொருளை அடுத்த முறை புதுப்பிக்கும்போதே அது செயலற்றுப் போகக்கூடும். அதற்குப் பணம் கொடுப்பதை நாம் விவேகமென்று கருதவில்லை.

இந்தப் பூட்டுக்காக நாடுகளே சட்டம் இயற்றியிருக்கின்றன. அமெரிக்காவில் 2013 ஜனவரி முதல், புதிதாக வாங்கிய தொலைபேசியை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணாயிற்று. நூல்களையும் பாடல்களையும் காக்கும் சட்டம், ஒருவர் தம் சட்டைப் பையிலிருக்கும் கருவியைத் திறப்பதற்குக் குறுக்கே நின்றது விந்தையே! ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பம் அனுப்பினர். 2014 ஆகஸ்டில் தடை நீங்கியது; ஆயினும் பூட்டி விற்கும் வழக்கம் அங்கு ஒழியவில்லை. கனடாவில் பூட்டைத் திறப்பதற்கு ஏறக்குறைய 50 டொலர் அறவிடப்பட்டு வந்தது. 2017 டிசம்பர் 1ஆம் திகதி முதல், புதிய தொலைபேசிகளைப் பூட்டாமலே விற்கவேண்டுமென்றும், பழையவற்றை இலவசமாகத் திறந்து கொடுக்கவேண்டுமென்றும் அந்நாட்டு ஆணைக்குழு கட்டளையிட்டது. பிரித்தானியாவில் பூட்டி விற்பது 2021 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கலாம். ரொறன்ரோவிலிருந்து பழைய தொலைபேசியொன்று பூட்டுடன் வந்திருந்தால், அதைக் கொட்டாஞ்சேனைக் கடைக்குக் கொண்டுசெல்லுமுன், *#06# என்று அழுத்திப் பதினைந்து இலக்க அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை மாமாவுக்கு அனுப்பி, அவர் கணக்கு வைத்திருந்த நிறுவனத்திடமே கேட்கச் சொல்லுங்கள். பல சந்தர்ப்பங்களில் தொலைபேசியைத் திருப்பியனுப்ப வேண்டியதில்லை. ஐபோனாயின், நிறுவனம் இசைந்தபின் நமது சிம் அட்டையை இட்டு வை-ஃபை இணைப்பில் வைத்தால் பூட்டு விலகும். வேறு பல தொலைபேசிகளுக்கு ஓர் இரகசிய எண்ணை அனுப்பி வைப்பார்கள். மாமா பூட்டைப் பற்றி அறியாமலே கொடுத்திருக்கக்கூடும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு ஆயிரக்கணக்கில் ரூபாவைக் கடையில் இறைக்கும் குடும்பங்களை எண்ணியே இதை எழுதுகிறோம்.

ஆனால் தவணைப் பணம் பாக்கியிருந்தாலோ, களவுபோனதென்று முறைப்பாடு இருந்தாலோ நிறுவனம் பொதுவாக இசையாது. பாவித்த தொலைபேசியை விலைக்கு வாங்குவோர் இதனை மிகவும் கவனிக்க வேண்டும். "திறந்த தொலைபேசிதான்" என்ற விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்பாமல், அங்கேயே நமது அட்டையை இட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பார்க்கலாம். அட்டைக்கு அடியில் தகடு ஏதும் உண்டா என்றும் நோக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று வரிசையாகத் திறந்தால், கரியர் லொக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று எழுதியிருக்க வேண்டும். வேறு எது எழுதியிருந்தாலும் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.