மடிக்கணினி: எதற்கு முதலிடம்?

கல்லூரி திறக்குமுன் உங்கள் தேவைக்கேற்ற உறுப்புகளைச் சொல்லி மடிக்கணினிக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? 1984-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் டெல் தம் விடுதி அறையில் தொடங்கிய நிறுவனம் பரவலாக்கிய முறை இது. கையிலுள்ள பணமோ அளவானது. எதற்கு முதலிடம் தருவது?

நினைவகத்திற்கே, அதாவது ராமிற்கே. செயலி கேட்கும் தகவலை நினைவகம் சுமார் 100 நானோ விநாடியில் தருகிறது. எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திற்கோ சுமார் 100 மைக்ரோ விநாடி ஆகும். இது ஆயிரம் மடங்கு! ஓரடியிலுள்ள அஞ்சறைப் பெட்டிக்கும் ஆயிரம் அடிக்கு அப்பாலுள்ள மளிகைக் கடைக்கும் உள்ள வேறுபாடு எனலாம். நினைவகம் போதாதபோது கணினி அடிக்கடி கடைக்கு ஓடுகிறது. எத்துணை விரைவான செயலியும் அப்போது காத்திருக்க வேண்டியதுதான்.

சேமிப்பகம் குறைந்தால் வெளியிலிருந்து இணைத்துக் கொள்ளலாம். ஆனால் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் நினைவகத்தைக் கூட்ட இயலாது. எனவே, பணம் கட்டுமுன், "நினைவகம் பற்றவைத்ததா, செருகக் கூடியதா?" என்று கேளுங்கள். பற்றவைத்தது எனில், சேமிப்பகத்தைச் சற்றுக் குறைத்தேனும் 8 ஜிகாபைட்டிற்குப் பதில் 16 என்று எழுதுங்கள். நான்காண்டுப் படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டிய கருவி அல்லவா அது!