கடல் தாண்டும் வணிகர் கவனத்திற்கு: செல்போன் ரோமிங் கட்டணம்

மிளகு, காபி, மலைப்பூண்டு என்று பழனி மலைச் சரக்கை வாங்கி விற்கும் மொத்த வியாபாரத்தில் நாங்கள் நாற்பது ஆண்டுகளாக இருந்து வருகிறோம். ரோமிங் என்ற சொல்லை நாங்கள் முதன்முதலில் கேட்டது சிங்கப்பூரிலும் அல்ல, துபாயிலும் அல்ல. கொடைக்கானல் மலையில்தான்.

கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று மேற்கே போகப் போகக் கேரள எல்லை நெருங்கிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் வட்டவடை, காந்தலூர். செல்போன் வந்த புதிதில் நம் பக்கத்து டவர் எட்டாத இடத்தில் அந்தப் பக்கத்து டவர் எட்டிவிடும். தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், கேரளா வேறு வட்டம். பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு நின்ற இடத்தில் காலடி மண் தமிழ்நாடு, பில்லோ கேரளத்துக்கு. சென்னையும் ஒரு காலத்தில் தனி வட்டமாகத்தான் இருந்தது. கோயம்பேட்டுக்குச் சரக்கை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே பணம் வாங்கப் போகிறவர்கள் செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, எஸ்.டி.டி. பூத்தைத் தேடிப் போவார்கள்.

இன்றைய இளைஞர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நம் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசப்பட்டது. அக்காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல்கூடக் கட்டணம் இருந்தது. வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல்தான் வரும் அழைப்பு இலவசமாயிற்று. உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007, 2013, 2015 என்று படிப்படியாகக் குறைத்தது. ஜியோ வந்த பிறகு, 2017 வாக்கில், அது அடியோடு மறைந்தது. இப்போது காஷ்மீருக்கு லாரி ஏற்றினாலும் வீட்டில் இருந்து பேசுவது போலத்தான்.

இந்தப் பழக்கம்தான் கடல் தாண்டும்போது நம்மைக் கவிழ்க்கிறது. எங்களைக் கவிழ்த்தது.

2013 தைப்பூசத்துக்கு எங்கள் வட்டார வியாபாரிகள் சிலர் சேர்ந்து மலேசியா போனோம். பழனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துமலைக்குப் போகிறீர்களா என்று வீட்டில் கேலி செய்தார்கள். தை மாதம் மலையில் மிளகு பறிக்கிற நேரம். தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, பட்டிவீரன்பட்டியில ஒரு விலை கேக்குறாங்க, கொடுத்துரட்டுமா?" என்பதுதான் விஷயம். அதைச் சொல்லிவிட்டு வைக்கிற மனிதரா? மழை எப்படி, மகளுக்குப் பார்த்த வரன் என்ன ஆயிற்று என்று எல்லாம் பேசி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவர்தானே கூப்பிட்டார், காசு அவருக்குத்தானே என்று நாங்களும் நிதானமாகப் பேசினோம். ஆறு நாளில் இப்படிப் பல அழைப்புகள். அடுத்த மாதப் பில் வந்தபோது, அந்த மிளகு லோடில் எங்களுக்குக் கிடைத்த லாபம் முழுவதும் செல்போன் கம்பெனிக்குப் போயிருந்தது. எங்கள் கணக்குப்பிள்ளை பில்லை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரிதான்.

ஏன் இப்படி? மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாம் மலேசியாவில் இறங்கியதும் நம் செல்போன் அந்த ஊர்க் கம்பெனியின் டவரில் ஏறிக்கொள்கிறது. அந்தக் கம்பெனி நம் ஊர்க் கம்பெனிக்கு மொத்த விலையில் பில் போடும். நம் கம்பெனி அதன்மேல் தன் லாபத்தை வைத்து நம்மிடம் சில்லறை விலையில் வசூலிக்கும். இரண்டு கை மாறிய சரக்கு. நம் ஊரில் இருந்து ஒருவர் கூப்பிட்டால், அவர் இந்தியா வரை உள்ள பேச்சுக்குத்தான் காசு கொடுக்கிறார். அங்கிருந்து மலேசியா வரை கொண்டுவந்து சேர்க்கும் கூலி எடுத்துப் பேசுகிற நம் தலையில். அதனால்தான் வெளிநாட்டில் வருகிற அழைப்புக்கும் கட்டணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் தங்களுக்குள் 2017 ஜூன் 15 முதல் இந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கிவிட்டன. நாம் அதிகம் போய்வருகிற சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, வளைகுடா நாடுகளோடு நமக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

பேச்சைவிட மோசம் டேட்டா. விலைப்பட்டியலைப் படிக்கும்போது என்ன அளவுக்கு என்ன விலை என்று பாருங்கள். 10 கே.பி.க்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். ஏலக்காய் விலையைக் கிராம் கணக்கில் சொன்னால் மலிவாகத் தெரியும் அல்லவா, அதே தந்திரம்தான். 10 கே.பி.க்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எம்.பி. என்பது 1,024 கே.பி. அப்படியானால் ஒரு எம்.பி. 512 ரூபாய். யாரோ காலையில் அனுப்பும் ரோஜாப்பூப் படம் போட்ட வணக்கச் செய்தி 3 எம்.பி. இருந்தால், அந்த வணக்கத்தின் விலை 1,536 ரூபாய். நாம் அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் தானாகவே இறக்கி வைத்துவிடும். செல்போனில் எடுத்த படங்களைத் தானாக மேலே ஏற்றுவது, செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்வது எல்லாம் நாம் தூங்கும்போது நடப்பவை.

ஆகவே புறப்படும் முன் முதல் வேலையாக, செட்டிங்ஸில் "டேட்டா ரோமிங்" என்பதை அணைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்த வேண்டும். பேரன் பேத்திகள் ஒரு நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள்.

அடுத்தது பலர் அறியாதது. நாம் எடுக்காத அழைப்பு கடை எண்ணுக்குத் திரும்பும்படி வைத்திருப்போம். வெளிநாட்டில் இது ஆபத்து. அழைப்பு அங்கே வந்து மணியடித்து, நாம் எடுக்காததால் மறுபடி இந்தியாவுக்கே திரும்பிப் போகும். வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம். நாம் பேசியதோ ஒரு சொல்லும் இல்லை. ஊரில் இருக்கும்போதே ##002# என்று அழுத்தி அழைத்தால் இப்படித் திருப்பிவிடும் ஏற்பாடுகள் எல்லாம் ரத்தாகும்.

பிறகு, நம் கம்பெனியின் ரோமிங் பேக் வாங்குவதா, போன ஊரில் சிம் வாங்குவதா என்ற கேள்வி. இரண்டு மூன்று நாள் பயணத்துக்குப் பேக் வசதியானது. அதற்கு மேல் தங்குவதென்றால் உள்ளூர் சிம்மே எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் விமான நிலையங்களிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். புதிய செல்போன்களில் இ-சிம் வசதி இருந்தால் ஊரில் இருந்தே வாங்கிக்கொள்ளலாம். பேக் வாங்குகிறவர்கள் அது நாம் போகிற நாட்டுக்கு உண்டா, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, வரும் அழைப்பும் அதில் சேருமா என்று கேட்டு வாங்க வேண்டும். சிங்கப்பூருக்கு எடுத்த பேக் ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டியதும் செல்லாமல் போகலாம். ப்ரீபெய்டில் இருப்புத் தீர்ந்தால் பேச்சு நின்றுவிடும். போஸ்ட்பெய்டு என்பது கடன் கணக்கு; எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும்.

இரண்டு சிம் போடும் செல்போனில் வெளிநாட்டு சிம்மை டேட்டாவுக்கு வைத்துக்கொண்டு, நம் சிம்மையும் உள்ளேயே விட்டுவைப்பது நல்லது. பேங்க் ஓ.டி.பி. அதில்தான் வரும். ரோமிங்கில் வந்து சேரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு நம் கம்பெனிகள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. நாம் அனுப்பினால் உண்டு. ஆனால் நம் எண்ணுக்குச் சர்வதேச ரோமிங் வசதி திறந்திருக்கிறதா, வேலிடிட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே வேலை செய்யும். துபாய் போகிறவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைக்கவும்: அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாக எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், நேரடியாகப் பேச முடியாது. கடைப் பையனுக்கு இதை முன்னதாகவே சொல்லி வைக்காவிட்டால், முதலாளி எடுக்கவில்லையே என்று பதறிச் சாதாரண அழைப்பில் கூப்பிடுவான்.

விமானத்திலும் சுற்றுலாக் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி நெட்வொர்க் உண்டு. அதன் கட்டணம் எல்லாவற்றையும்விடக் கடுமை. கப்பலில் ஏறியதும் செல்போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

வெளிநாடே போகாதவர்களுக்கும் ஒரு செய்தி. இராமேசுவரம் போய் தனுஷ்கோடி முனையில் நிற்கும்போது, இலங்கைக்கு நல்வரவு என்று செல்போனில் செய்தி வருவது உண்டு. கிளாவரையில் கேரள டவர் எட்டியது போலத்தான் இதுவும். சர்வதேச ரோமிங் திறந்து வைத்திருக்கும் வியாபாரிகள் அங்கே போனால் நெட்வொர்க்கைத் தானாகத் தேடும்படி விடாமல், கையால் தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது.

அப்படியும் தவறான பில் வந்துவிட்டால் பேசாமல் கட்டிவிடக் கூடாது. நாங்கள் 2013-ல் அப்படித்தான் செய்தோம். விவரப் பில் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும் என்பது டிராய் 2012-ல் போட்ட விதி. அதன் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். செல்போன் வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாமா என்று வெகுநாள் இழுபறி இருந்தது. விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. நம் மாவட்டத்தாருக்குத் திண்டுக்கல்லிலேயே ஆணையம் இருக்கிறது.

போன முறை கொழும்புக்குப் புறப்பட்டபோது தாண்டிக்குடிக்காரரிடம் முன்னதாகவே சொல்லி வைத்தோம். "கூப்பிடாதீங்க, விலையை மட்டும் வாட்ஸ்அப்பில எழுதுங்க" என்றோம். சரி அண்ணே என்றார். புறக்கோட்டைக் கடைத்தெருவில் நிற்கும்போது அவரிடமிருந்து வந்தது ஒரு குரல் பதிவு. உள்ளூர் சிம் என்பதால் கவலையில்லாமல் கேட்டோம். நான்கு நிமிடம் மழையைப் பற்றி. விலை கடைசி வரியில்தான் வந்தது.