வேலை தேடுவோர்க்கு வழித்துணை



பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. முருகனைப் பாடுவது நீங்கலாக ஏனைய நான்கிலும், வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊரையும் இயல்பையும் செல்லும் வழியையும் எடுத்துரைக்கிறான். இருவரும் உறவினர் அல்லர், வழியிடையே சந்தித்தவர். வேலை நாடிப் பிற மாநிலம் வந்த தமிழருக்கு இதில் நல்லதொரு பாடம் உண்டு.

எடுத்துரைப்பார் இல்லாத இடத்தில் நேர்வது யாது? கொச்சித் துறைமுகம் அதற்குச் சான்று. மட்டாஞ்சேரியில் முற்காலத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. மூப்பன் எனப்பட்ட ஆள்பிடிப்போர், வேலைக்குரிய உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தினிடையே வீசி எறிவர். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கே அன்றைய கூலி. அவன் தொழில் அறிந்தவனா என்று கேட்பார் இலர். இக்கொடுமையை எதிர்த்து 1953-இல் நிகழ்ந்த போராட்டத்தில், செப்டம்பர் 15-ஆம் நாள் போலீசார் சுட்டதில் தொழிலாளர் உயிர் நீத்தனர். அம்முறை பின்னரே ஒழிந்தது.

இன்று தேவராவை அடுத்த வாத்துருத்தியில் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகக் குடியிருக்கின்றனர். புதிதாக வருவோர்க்கு உறைவிடமும் முதல்நாட் சோறும் அளிப்போர் உறவினரும் ஊராருமே. அவ்வுதவி பெரிது. ஆயினும் அவர்கள் அறிந்த வேலை பெரும்பாலும் நாமும் அறிந்ததாகவே இருக்கும். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் அலுவலர்களிடையே நிகழ்த்தி 1974-இல் நூலாக வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. அறிமுகத்தால் வேலை பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேருக்கே அடிக்கடி சந்திப்பவர் உதவினர். ஏனையோர்க்கு உதவியவர் எப்போதாவது சந்திப்பவரே. அவர்கள் வேறு வட்டத்தில் பழகுவதால் வேறு செய்திகளை அறிவர்.

ஆகவே, முன்பு வேலை செய்த வீட்டார், இரும்புக் கடைக்காரர், வேறு தொழிலின் மேஸ்திரி, தேநீர்க் கடைக்காரர் ஆகியோரிடமும் நம் தேவையைச் சொல்லி வைத்தல் வேண்டும்.

எவ்வாறு சொல்வது? “எந்த வேலையானாலும் செய்வேன்” என்பது பணிவான சொல்லே. ஆனால் கேட்பவர் மனத்தில் அது தங்காது. “என் பெயர் இன்னது, கம்பி கட்டும் வேலையில் எட்டாண்டுப் பழக்கம், இன்ன கட்டடத்தில் வேலை செய்தேன், அங்குள்ள மேஸ்திரி என்னை அறிவார், திங்கள் முதல் வர இயலும்” என்று கூறுவோமாயின், கேட்பவர் அதனை அப்படியே இன்னொருவரிடம் சொல்லலாம். தொழில், பழக்கம், சான்று கூறுவோர், வரத்தக்க நாள் ஆகிய நான்கும் போதும். அறியாத தொழிலை அறிந்ததாகச் சொல்லுதல் ஆகாது. பரிந்துரைத்தவரின் நற்பெயரும் அதனால் கெடும்.

சிறிது மலையாளமும் பழகுதல் நன்று. உச்சரிப்பிலும் கருத்து வேண்டும். ‘பணி’ என்றால் மலையாளத்திலும் வேலைதான். ‘பனி’ என்றாலோ காய்ச்சல்! ணகரத்தை நழுவவிட்டால், வேலை கேட்கப் போனவர் காய்ச்சல் கேட்டவராவார்.

வேலை கிடைத்ததும் வழிகாட்டியவரிடம் அதனைத் தெரிவிப்பது கடமை. அத்துடன், அடுத்த ரயிலில் பையோடு வந்திறங்கும் ஒருவருக்கு நாம் அறிந்த இடத்தைச் சொல்லி அனுப்புவதே அவ்வுதவிக்குத் தக்க கைம்மாறாகும்.