கரிசல் மண்ணின் நுண்கட்டமைப்பும் வெடிப்பும்: பசுவந்தனைப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தின் பசுவந்தனையும் அதனை அடுத்த கோவில்பட்டிப் பகுதியும் கரிசல் மண் பரந்த மானாவாரி நிலங்களைக் கொண்டவை. கோடையில் இந்நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்ததும் வீங்கி வெடிப்புகளை மூடிக்கொள்கிறது. உழவருக்கு இயல்பான இந்நிகழ்வு, வீடு கட்டுவோருக்குச் சுவர் விரிசலாக வந்து சேர்கிறது. மண்ணின் வலுக்குறைவே காரணம் எனக் கருதப்படுவதுண்டு. ஆயினும் உலர்ந்த கரிசல் கட்டி கல்லைப்போல் கடினமானது. ஆகவே வெடிப்பின் தோற்றுவாயை மண்ணின் வலிமையில் மட்டுமன்றி, அதன் நுண்கட்டமைப்பிலும் இடைமுகங்களிலும், அதாவது இரு அடுக்குகளோ பொருள்களோ தொட்டுக்கொள்ளும் பரப்புகளிலும், தேடவேண்டும்.

தகடுகளின் இடைவெளி

கரிசலின் வீக்கத்திற்கு முதன்மைக் காரணம் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம். இரண்டு சிலிக்கா ஏடுகளுக்கு நடுவே ஓர் அலுமினா ஏடு அமைந்த தகடுகளால் ஆனது இது. ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். தகட்டினுள் பிணைப்பு வலியது. தகடுகளுக்கு இடையிலோ மெலிந்தது. தகடுகள் எதிர்மின்னூட்டம் உடையவை. அதனை ஈடுசெய்யும் சோடியம், கால்சியம் அயனிகள் இடைவெளியில் தங்கி நீரை ஈர்க்கின்றன. நீர் புகப்புகத் தகடுகள் விலகுகின்றன. செம்மண்ணில் மிகுதியாக உள்ள கயோலினைட்டில் தகடுகளை ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்குவதால் நீர் எளிதில் உட்புகுவதில்லை. இரு மண்ணின் நடத்தையும் வேறுபடுவது இதனாலேயே.

உலர்தலும் முறிவும்

மண் உலரும்போது துகள்களுக்கு இடையே எஞ்சிய நீர் அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. மண் தடையின்றிச் சுருங்க முடிந்தால் வெடிக்காது. ஆனால் மேற்பரப்பு விரைந்து உலர, ஈரமுள்ள அடிமண் அதன் சுருக்கத்தைத் தடுக்கிறது. இதனால் மேலடுக்கில் உண்டாகும் இழுவிசை, மண்ணின் தாங்குதிறனைக் கடக்கும்போது வெடிப்பு தொடங்குகிறது.

அது தொடங்கும் இடமும் தற்செயலானதன்று. முறிவு, பொருளில் முன்னரே உள்ள நுண்குறைகளிலிருந்து பரவுகிறது என 1921-இல் கிரிஃபித் கண்ணாடியைக் கொண்டு விளக்கினார். கரிசலில் அத்தகைய குறைகளாக அமைபவை துளைகளும் சுக்கான்கற்களின் விளிம்புகளுமாகும். களிமண் சுருங்க, சுக்கான்கல் சுருங்காது நிற்பதால், இரண்டும் தொடும் பரப்பில் தகைவு குவிகிறது. மாறாக, பயிரின் வேர்கள் வெடிப்பின் இரு கரைகளையும் பிணைத்து அதன் பரவலைத் தடுக்கின்றன.

மழைக்காலத்தில் நிகழ்வது இதன் மறுபக்கம். பக்கவாட்டில் விரிய இடமற்ற அடிமண் சாய்வாக நழுவுகிறது. நழுவிய பரப்புகள் தேய்ந்து பளபளப்பாகின்றன. குழி தோண்டும்போது காணப்படும் இப்பரப்புகள், பிற்கால நழுவலுக்கு வாய்ப்பான மெலிந்த தளங்களாகவும் அமைகின்றன.

கட்டடங்களில் விளைவு

வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழ் ஈரம் பெரிதும் மாறுவதில்லை. ஓரங்களில் பருவந்தோறும் மாறுகிறது. ஓரம் கோடையில் தாழ்ந்து, மழையில் எழும். இச்சமமற்ற அசைவைச் செங்கல் சுவர் தாங்காது. சன்னல், கதவு மூலைகளில் தகைவு குவிவதால் விரிசல் அங்கிருந்து சாய்வாக ஓடுகிறது. சாந்து பூசி அடைத்தல் அடையாளத்தை மறைக்குமே தவிர, காரணத்தை நீக்காது.

பயன்தரும் தீர்வுகள் ஏதேனும் ஓர் இடைமுகத்தை மாற்றுகின்றன. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய குமிழ்த்தூண் அடித்தளம், பொதுவாக 3.5 மீட்டர் ஆழம்வரை இறங்கி, ஈரமாற்றம் குறைந்த மண்ணைப் பற்றிக்கொள்கிறது. குமிழின் விட்டம் தூணைப்போல் ஏறத்தாழ 2.5 மடங்கு. சுண்ணாம்பு கலத்தல் இன்னும் நுண்ணிய அளவில் செயல்படுகிறது: கால்சியம், தகடுகளுக்கு இடையிலுள்ள சோடியத்தை அகற்றித் துகள்களைத் திரளச்செய்கிறது; நாளடைவில் சிமெண்ட் போன்ற பிணைப்பும் உருவாகிறது.

முடிவுரை

நானோமீட்டர் அளவிலான இடைவெளியில் தொடங்கும் அசைவே நிலத்தின் பாளமாகவும் சுவரின் விரிசலாகவும் வெளிப்படுகிறது. வெடிப்பு முற்றிலும் தீங்கானதுமன்று. முதல் மழைநீர் ஆழத்திற்கு இறங்க அதுவே வழி. எனவே உழுநிலத்தில் வெடிப்பு ஏற்கத்தக்கது. மனையிலோ, ஈரமாற்றத்தின் ஆழத்தையும் களிமண்ணின் தன்மையையும் அறிந்த பின்னரே அடித்தளம் இடவேண்டும். விரிசலைப் பின்னர்ச் செப்பனிடுவதைக் காட்டிலும் முன்னரே மண்ணை ஆய்ந்தறிவது சிக்கனமானது.