கிற்றாரும் ஒலிபெருக்கியும்: அளவு காணும் முறை

மாத்தளை நகரிலும், இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிற்றார் இன்று அந்நியக் கருவியன்று. 1960களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பொப் பாடல்கள் அக்கருவியை இலங்கைத் தமிழ் இளைஞரின் நெஞ்சுக்கு நெருக்கமாக்கின. பாடசாலைக் கலைவிழாவிலும், மார்கழியில் நடைபெறும் ஒளி விழாவிலும், தோட்டத்துப் பொது மண்டபத்திலும் அதன் ஒலி கேட்கிறது. ஆயினும் அவ்வரங்குகளிலே பன்முறை எழும் குறை ஒன்றுண்டு. முன்வரிசையில் அமர்ந்தவர் காதைப் பொத்திக்கொள்கிறார். கடைசி வாங்கில் அமர்ந்தவருக்கோ பாட்டின் சொல் ஒன்றேனும் விளங்கவில்லை.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தலைமன்னாரில் இறங்கி, காடு கடந்து, கால்நடையாய் மலைநாட்டை அடைந்த வழி மாத்தளையூடாகச் சென்றது. அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் நிகழ்ந்த நடைபயணமும் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையிலேயே நிறைவெய்தியது. அம்மக்கள் தம் வரலாற்றை ஏட்டில் எழுதியதினும் பாட்டில் வைத்ததே மிகுதி. அப்பாடல்களைத் தேடித் தொகுத்த பெருமை சி. வி. வேலுப்பிள்ளைக்கு உண்டு. இன்று ஒரு சிறுமி அத்தகைய பாடலொன்றைக் கிற்றார் துணையோடு மேடையிற் பாடும்போது, சொல் கேளாமற் போனால் பாட்டே போயிற்று. ஆதலின் குமிழ்களை எவ்வளவு திருப்புவது என்பது பாடுவோர் யாவரும் அறியவேண்டியதொன்றாகும்.

மரப்பெட்டியுடைய சாதாரணக் கிற்றாரிலேயே மின்னிணைப்பும் அமைந்த வகைதான் இவ்வரங்குகளில் மிகுதியும் பயன்படுவது. அதன் தந்திகள் பாலத்தின்மேலுள்ள சிறு தண்டில் அழுந்தி நிற்கின்றன. தண்டின் அடியில் மெல்லிய உணரி ஒன்று மறைந்திருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்குமென்பதை 1880 ஆம் ஆண்டில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர் கண்டறிந்தனர். அந்த உண்மையே இவ்வுணரிக்கு அடிப்படை. தந்தி அதிர, அழுத்தம் மாற, மின்னலை பிறக்கிறது. அது மிக நொய்தானது. எனவே கிற்றாரின் பக்கவாட்டில் ஒரு முன்பெருக்கி பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் 9 வோல்ற்று பற்றரி அதனை இயக்கும். இங்கேதான் முதலாவது குமிழ் இருக்கிறது.

அங்கிருந்து வடத்தின் வழியே மின்னலை ஒலிபெருக்கிப் பெட்டியை அடைகிறது. பெட்டியில் இரு குமிழ்கள் முக்கியமானவை. ‘கெயின்’ என்று குறிக்கப்பட்டது, உள்ளே வரும் மின்னலையை எத்தனை மடங்கு பெருக்கி ஏற்பது என்பதைத் தீர்மானிப்பது. ‘மாஸ்டர்’ என்பது, மண்டபத்துக்குள் எவ்வளவு ஒலியை விடுவது என்பதைத் தீர்மானிப்பது. ஆக, ஒலியின் பாதையில் மூன்று வாயில்கள் உள்ளன. மூன்றும் ஒன்றுபோல் ஒலியைக் கூட்டிக் குறைப்பன என்று எண்ணுவதே பிழைகளுக்கெல்லாம் தாய்.

ஓர் எளிய கணக்கால் இது விளங்கும். கிற்றாரிலிருந்து 1000 பங்கு இசை புறப்படுவதாகவும், வழியில் வடமும் பெட்டியின் முதற் பகுதியும் 1 பங்கு இரைச்சலைச் சேர்ப்பதாகவும் கொள்வோம். இசை இரைச்சலைப்போல் ஆயிரம் மடங்கு. இனி, கிற்றாரின் குமிழைக் குறைத்து 100 பங்கை மாத்திரம் அனுப்பினால், வழியிற் சேரும் இரைச்சல் குறைவதில்லை. அது அதே 1 பங்குதான். பழைய ஒலியைப் பெறப் பெட்டியிலே பத்து மடங்கு பெருக்கினால், இசையோடு இரைச்சலும் பத்து மடங்காகிறது. பாட்டு நின்ற வேளையில் பெட்டி ‘இஸ்’ என்று இரைந்துகொண்டிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே தொடக்கத்திலேயே இசை வலுவாகப் புறப்படுதல் வேண்டும் என்பது முதல் விதி.

அப்படியாயின் எல்லாவற்றையும் முற்றாகத் திறந்துவிடலாமா? ஆகாது. ஒவ்வொரு பகுதிக்கும் தாங்கும் எல்லை உண்டு. எல்லை கடந்தால் மின்னலையின் உச்சிகள் வெட்டுண்டு, இனிய நாதம் கரகரப்பாகிவிடும். இடையிலே வெட்டுண்ட அலையைக் கடைசிக் குமிழால் எத்துணை தணித்தாலும் கரகரப்பு நீங்காது. சத்தம் குறைந்த கரகரப்பே மிஞ்சும். வானொலி நிலையத்துக் கலையகத்தில் ஒலிக் கட்டுப்பாட்டாளர் மானியின் முள் சிவப்புக் கோட்டிலே தங்கிவிடாதபடி காவல் இருப்பதும் இது கருதியே. இரைச்சலுக்கு மேலாக, எல்லைக்குக் கீழாக இசையை நடத்திச் செல்வது இரண்டாவது விதி.

இவ்விரு விதிகளையும் செயலில் காட்டும் ஒழுங்கு பின்வருமாறு. முதலில் மாஸ்டர் குமிழைச் சுழியத்தில் வைத்த பின்னரே வடத்தைச் செருகவேண்டும். இன்றேல் எழும் ‘டும்’ என்ற அதிர்ச்சி பெட்டியின் ஒலிகூம்பைப் பழுதாக்கக்கூடும். அடுத்து, கிற்றாரின் குமிழை முக்கால் அளவில் நிறுத்தி, தாழ்சுரம் உயர்சுரம் ஆகியவற்றுக்கான குமிழ்களை நடுவில் வைக்கவேண்டும். பின்பு, பாட்டில் மிக வலுவாய் மீட்டும் பகுதி எதுவோ அதனையே மீட்டிக்கொண்டு, கெயின் குமிழைச் சிறிது சிறிதாக உயர்த்தவேண்டும். சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கும். விளக்கில்லாத பெட்டியாயின் நாதம் கரகரக்கத் தொடங்கும். அவ்விடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். இறுதியாகவே மாஸ்டர் குமிழைத் திறந்து மண்டபத்துக்கேற்ற ஒலியைக் காணவேண்டும். கிற்றாரில் எஞ்சிய காற்பங்கு வீணன்று. தனியிசை வரும்போது சற்றே உயர்த்தவும், பாடகர் பாடும்போது மீண்டும் தணிக்கவும் வாசிப்பவர் கையிலேயே அது இருக்கிறது. எல்லாம் முறைப்படி இருந்தும் நாதம் கரகரத்தால், பற்றரி வலுவிழந்ததோ என்று பார்ப்பது நன்று.

இனி, அரங்கைத் திடுக்கிடச் செய்யும் ஊளை எங்கிருந்து வருகிறது? பெட்டியிலிருந்து புறப்பட்ட ஒலி கிற்றாரின் மரப்பலகையை அதிரவைக்கிறது. அவ்வதிர்வு மறுபடியும் உணரிக்குட் புகுந்து, பெருகி, வெளிவந்து, பலகையை மேலும் அதிரவைக்கிறது. இச்சுழற்சி ஓயாது வளர்ந்து ஊளையாகிறது. டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன் லார்சன் பெயரால் இது லார்சன் விளைவு எனப்படும். கிற்றாரின் வயிற்றிலுள்ள காற்று, வினாடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகளில் இயல்பாகவே முழங்கும் தன்மையது. ஐந்தாம் தந்தியின் திறந்த சுரம் 110 அதிர்வுகளை உடையது. ஆதலின் அவ்விடத்தை ஒட்டிய தாழ்சுரங்களிலேயே முழக்கம் முதலில் எழும். மாஸ்டரை ஒரேயடியாய் அடைப்பது இதற்கு மருந்தன்று. பெட்டியை வாசிப்பவருக்கு முன்பாக, அவையை நோக்கி வைத்தல், பெட்டிக்கு நேரெதிரே கிற்றாரைக் காட்டாதிருத்தல், தாழ்சுரக் குமிழைச் சிறிது குறைத்தல், ஒலித்துளையை இறப்பர் மூடியால் அடைத்தல் ஆகியவை பயன்தரும்.

அடுத்தது பாடகரின் குரல். மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரும்பாலும் வினாடிக்கு 1,000 முதல் 4,000 அதிர்வுகளுக்கு இடைப்பட்ட ஒலிகளைச் சார்ந்தது. உருக்குத் தந்திகளை வேகமாய் மீட்டும்போதும் அதே வெளியில் ஒலி நிறைகிறது. அப்போது ‘மலை’ எது, ‘மழை’ எது என்று கேட்பவர் தடுமாறுவர். மலையையும் மழையையும் பாடும் மக்களுக்கு இது பேரிழப்பு அன்றோ? எனவே முதலில் பாடகரின் ஒலிவாங்கியை அளவாக்கி, அதன்பின் குரலின் கீழே அடங்குமாறு கிற்றாரைச் சேர்ப்பதே முறை. கடைசி வாங்கில் ஒருவரை இருத்தி, சொற்கள் விளங்குகின்றனவா என்று கேட்டறிய வேண்டும். மேடையில் நிற்பவரின் செவி இதற்குச் சான்றாகாது.

தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் உடைய மண்டபம் வெறுமையாயிருக்கும்போது ஒலியைத் திருப்பித் திருப்பி எறியும். அவை நிறைந்ததும் மாந்தரின் உடலும் உடையும் ஒலியை, சிறப்பாக உயர்சுரங்களை, உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் ஒத்திகையிற் கண்ட அளவு விழாவிலே சிறிது மாறும் என்பதை முன்னரே எதிர்பார்க்க வேண்டும். பெட்டியின் வலுவை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 தெசிபெல் உயர்வு மாத்திரமே. செவிக்கு அது சிறு மாற்றம். ஒலி இருமடங்காகத் தோன்ற வலு பத்து மடங்காக வேண்டும். பெரிய பெட்டியை இரவல் வாங்குவதினும், உள்ள பெட்டியை உயரத்தில் வைத்து அவையை நோக்கித் திருப்புவது நற்பயன் தரும்.

செவியின் நலமும் அயலாரின் உறக்கமும் கருதற்குரியன. இசையரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 தெசிபெல்லை மேவலாகாதென 2022 இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பதைப் பொதுவிதியாக 2007 இல் இலங்கை உயர் நீதிமன்றம் பணித்தது. பள்ளத்தாக்குகளில் இரவின் அமைதியில் ஒலி நெடுந்தூரம் செல்லும். அடுத்த லயத்தில் விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கவோ பால் வெட்டவோ செல்பவர் உறங்குகின்றார்.

கிற்றாரிலே வலுவாகத் தொடங்கி, இடையிலே எல்லை கடவாது நடத்தி, கடைசிக் குமிழால் மண்டபத்தை அளந்து, குரலுக்கு முதலிடம் தருக. இதற்குப் பொருட்செலவில்லை, விழாவுக்குமுன் அரைமணி நேரப் பொறுமை போதும். அவ்வரைமணி செலவிட்ட அரங்கில், மேடையேறிய சிறுமியின் சொல் கடைசி வாங்கில் இருக்கும் பாட்டியையும் சென்றடையும்.