சிறிய ஸ்டுடியோவுக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு போதும்?

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது, எங்கள் பெங்களூருக் கிளைக்குப் புகைப்படக் கலைஞர்களின் கடன் விண்ணப்பங்கள் சற்றுக் கூடுதலாகவே வரும். சென்ற ஆண்டு முத்ரா 'கிஷோர்' பிரிவில் வந்த ஒரு விண்ணப்பத்துடன், எஸ்.பி. சாலைக் கடையொன்றின் விலைப்புள்ளி இணைக்கப்பட்டிருந்தது. புதிய கணினிக்கான மொத்தத் தொகையில் ஏறக்குறையப் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கே போயிருந்தது. காரணம் கேட்டோம். "கடையில் இதுதான் நல்லது என்றார்கள் சார்" என்றார் வாடிக்கையாளர்.

வணிகவியல் படித்தவர்களுக்குக் கணினியின் உட்பாகங்கள் அயலானவையே. ஆயினும், அந்தப் பெட்டி ஈட்டித் தரும் வருமானத்திலிருந்துதான் தவணை வரவேண்டும் என்பதால் விசாரித்து அறிந்துகொண்டோம்.

விலை உயர்ந்த கார்டுகள் பலவும் விளையாட்டுப் பிரியர்களை மனத்தில் வைத்தே விற்கப்படுகின்றன. புகைப்படத் திருத்தத்திற்கு அவ்வளவு வலிமை தேவைப்படுவதில்லை. ஃபோட்டோஷாப் பெரும்பாலும் பிராசசரையும் ரேமையுமே சார்ந்து இயங்குகிறது. லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவால் படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி ஒன்றுதான் கார்டை நன்றாக வேலை வாங்குகிறது. ஆல்பம் மட்டுமே செய்பவர் முதலில் 32 ஜிபி ரேமுக்கும் எஸ்எஸ்டி வட்டுக்கும் செலவிடுவதே முறை.

வீடியோவின் கதை வேறு. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் நிறம் திருத்தும் பணி முழுவதும் கார்டின்மேல்தான் விழுகிறது. 4கே காட்சிகளுக்குக் கார்டில் 8 ஜிபி நினைவகம் இருப்பது நல்லது. 12 ஜிபி இருந்தால் தாராளம். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 2024 இறுதியில் வந்த இன்டெல் ஆர்க் பி580 ஆகிய இரண்டிலும் 12 ஜிபி கிடைக்கிறது. ஆனால் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. 3050-இலும் 8 ஜிபி, 6 ஜிபி என இரு வகைகள் உள்ளன. பெயரை மட்டும் எழுதிய விலைப்புள்ளியை ஏற்க வேண்டாம்.

மலிவு என்பதற்காக ஏமாறுவதும் உண்டு. ரேடியான் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி, ஜிடி 1030 ஆகியவற்றில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் தனி என்கோடரே கிடையாது. முடித்த படத்தை எக்ஸ்போர்ட் செய்கையில் அந்தச் சுமை பிராசசரின் தலையில்தான் ஏறும்.

நம் வாடிக்கையாளரின் விலைப்புள்ளியில் இருந்த கோளாறு இதைவிட நுட்பமானது. அவருடைய கேமரா எச்.265 முறையில் 4:2:2, 10 பிட் தரத்தில் பதிவு செய்கிறது. இந்த வகைக் கோப்பை வன்பொருள் வழியே விரித்துக் காட்டும் திறன் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில் இல்லை. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. ஆனால் 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் அந்தத் திறன் முன்பே இருக்கிறது. பிரீமியர் புரோ அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கடைக்காரரோ, சிறிது விலை குறையும் என்று, எண்ணின் இறுதியில் 'எஃப்' எழுத்துள்ள பிராசசரைப் போட்டிருந்தார். அந்த எழுத்துக்குப் பொருள், உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பது. கார்டோ 40 வரிசையைச் சேர்ந்தது. அப்படியே வாங்கியிருந்தால், கடன் பட்டு வாங்கிய கணினியில் திருமண வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடியிருக்கும்.

பழைய கணினியில் கார்டு மட்டும் மாற்ற நினைப்போர் முதலில் எஸ்எம்பிஎஸ்-இன் திறனைப் பார்க்க வேண்டும். 6 ஜிபி 3050 கார்டு 70 வாட்டில் அடங்கிவிடும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115, பி580-க்கு 190 வாட் வேண்டும். ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் வசதியில்லாத பழைய மதர்போர்டில் சோர்ந்துபோகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி எங்கள் துறைக்கு வருவோம். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்பார்கள். கார்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வழக்கமான முறையில் பதிவு பெற்ற தொழிலர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு 40 சதவீதத் தேய்மானமும் உண்டு. பில் இல்லையேல் இவ்விரண்டையும் கோர வழியில்லை. கடனுக்கும் அந்தப் பில் வேண்டும். கார்டின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள், வாரன்டிக்கு அதுவே துணை. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தின் மைனிங் முறை முடிவுக்கு வந்தபின், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. வாரன்டி முடிந்த பழைய கார்டுக்குக் கடன் கேட்டால் நாங்கள் தயங்குவது அதனால்தான்.

அந்த வாடிக்கையாளர் 'எஃப்' இல்லாத பிராசசரும் 12 ஜிபி 3060 கார்டுமாக விலைப்புள்ளியைத் திருத்தி வாங்கி வந்தார். குறைந்த தொகையில் ஒரு பகுதிக்கு, கோப்புகளை நகலெடுத்து வைக்க இரண்டு ஹார்டு டிஸ்குகளைச் சேர்த்தோம். மீதியைக் கடனிலிருந்தே கழித்துவிட்டோம். இப்போது மானிட்டர் வாங்க வேண்டும் என்று மறுபடி வந்திருக்கிறார். அந்த விலைப்புள்ளியையும் வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.