எழுதத் தொடங்கும் இளைஞர்க்கு

"எழுத வேண்டும் என்னும் ஆசை இருக்கிறது, ஐயா, எதைப் பற்றி எழுதுவது என்றுதான் தெரியவில்லை" என்று என்னிடம் வந்து நின்ற மாணவர் பலர். அவர்கள் கையில் புதிய குறிப்பேடு ஒன்று இருக்கும். முதற் பக்கத்தில் பெயர் அழகாக எழுதப்பட்டிருக்கும். இரண்டு திங்கள் கழித்துப் பார்த்தாலும் அந்தப் பெயருக்குப் பின் வேறொன்றும் இராது. எழுத்து என்றால் அது பெரிய பொருளைப் பற்றியதாக, அரிய நடையில் அமைந்ததாக இருத்தல் வேண்டும் என்று யாரோ அவர்களை அச்சுறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் என்னைப் போன்ற ஆசிரியர்களே. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவலூர்ப் பக்கம், ஜம்பை என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள குன்றின் குகையொன்றில் 1981ஆம் ஆண்டு தொல்லியல் துறையினர் ஒரு கல்வெட்டைக் கண்டனர். ஒரே வரி, தமிழ்ப் பிராமி எழுத்து, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. சதியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி இந்தப் பள்ளியை வழங்கினான் என்பதே அதன் செய்தி. கொடுத்தவன் யார், கொடுத்தது எது என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. மன்னனின் வீரத்தைப் பற்றியோ மலையின் எழிலைப் பற்றியோ வெட்டியவன் கவலைப்படவில்லை. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சேர்த்து எண்ணப்பட்ட 'சதியபுத்திரர்' யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது இந்த ஒரு வரி.

கல்லில் வெட்டுவிப்பது அரசர்க்கு இயலும். தாளில் எழுதியவர்களுள் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்தவர், வணிகர், பின்னர்த் தியூப்ளே என்னும் பிரெஞ்சு ஆளுநர் காலத்தில் தலைமைத் துபாஷியாக உயர்ந்தவர். துபாஷி என்பார் இருமொழி அறிந்து, இரு சாராரிடையே நின்று காரியம் முடிப்பவர். இவர் 1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், அது அவருடைய வாழ்வோடு ஒட்டியே நடந்தது. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, ஆளுநர் தனியே அழைத்துச் சொன்னது, ஊரில் உலவிய வதந்தி, உறவினர் பூசல் எல்லாம் அதில் உண்டு. நடையோ அந்நாளைய வணிகர் வாய்மொழி. பிறமொழிச் சொற்கள் தாராளமாகக் கலந்து கிடக்கும். இலக்கணம் கற்ற புலவர் எவரேனும் கண்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

1846இல் கலுவா மோன்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்து வெளிக்கொணர்ந்தார். 1904 முதல் 1928 வரை சென்னையில் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இன்று அதனைப் புரட்டாமல் இருப்பதில்லை.

அதே காலத்துப் போர்கள் நம் வாசல்வரை வந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை செல்லும் வழியில் தியாகதுருக்கம் மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைமாறிக் கைமாறி அல்லற்பட்ட கோட்டை அது. படைத்தலைவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அடிவாரத்துக் குடிமக்கள் அந்நாட்களில் எங்கே ஒதுங்கினர், எதைக் காய்ச்சிக் குடித்தனர் என்பதற்கு நான் தேடியவரையில் ஒரு குறிப்பும் கிட்டவில்லை. அங்கே ஓர் ஆனந்தரங்கப் பிள்ளை இல்லை.

ஆகவே மாணவர்களே, இன்றிரவு பத்து வரி எழுதுங்கள். மேலே தேதியிடுங்கள், ஊர்ப்பெயரும் இருக்கட்டும். தாளில் எழுதினாலும் கைபேசியில் எழுதினாலும் எனக்கு வேறுபாடில்லை. ஒரே வேளையில் எழுதுவது மட்டும் நலம், ஏனெனில் கை பழகிவிட்டால் மனம் முரண்டு செய்யாது. 'மலை மிக அழகாக இருந்தது' என்று எழுதிய ஒரு மாணவியை, வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்த பேருந்தில் அவள் கண்டதைக் கூறச் சொன்னேன். பக்கத்தில் அமர்ந்த மூதாட்டி ஒரு பை கடுக்காயை மடியில் வைத்திருந்ததையும், கச்சிராயபாளையம் வரும்வரை அதை ஒருமுறையேனும் கீழே இறக்காததையும் சொன்னாள். "அதையே எழுது, அழகு என்னும் சொல் வேண்டியதில்லை" என்றேன்.

எழுதியதை உடனே பிறர்க்குக் காட்ட விரையாதீர்கள். ஒரு வாரம் கிடக்கட்டும். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் பழுதுபட்டிருக்கும். அண்டை வீட்டாரைப் பற்றி எழுதினால், அவர் கேட்டால் வருந்துவாரா என்று எண்ணிப் பார்த்து வெளியிடுங்கள். முன்பெல்லாம் பள்ளிகளில் கையெழுத்து இதழ் ஒன்று நடத்துவோம். ஒரே படிதான், கைமாறிப் படிப்பார்கள். முதல் வாசகர் இருபது பேர் கிடைத்தால் தொடக்கத்திற்கு அது தாராளம்.

இனி, சொல்வதாகச் சொன்ன செய்தி. 1986ஆம் ஆண்டில் நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் இளம் ஆசிரியன். அம்மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்று அவர்கள் சொல்வார்கள். 'நேற்று என் வீட்டில்' என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு மாணவன் தன் பாட்டி சாமை விதையைப் பிரித்துச் சுரைக்குடுவையில் சேமித்ததை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். விதைக்கு, குடுவையின் வாய்க்கு, அதை மூடும் பொருளுக்கு, பதர் நீக்கும் கையசைவுக்குக்கூட அவர்கள் வீட்டுச் சொற்களையே எழுதியிருந்தான். அவை பதினொன்று. எண்ணியது நினைவிருக்கிறது, ஏனெனில் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்து, மேலே பாடநூற் சொல்லை எழுதி, 'கொச்சை நீக்கி எழுதுக' என்று குறிப்பும் இட்டேன். அதன்பின் அவன் கட்டுரை எப்போதும் அரைப்பக்கத்தில் முடிந்தது.

ஓய்வு பெற்ற பின், அந்தச் சொற்கள் எனக்குத் தேவைப்பட்டன. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். இப்போது அவருக்குக் கல்லூரி செல்லும் மகள் இருக்கிறாள். குறிப்பேட்டைக் கேட்டேன், என்றோ கறையானுக்குப் போயிற்றாம். பாட்டியும் இல்லை. பதினொன்றில் இரண்டுதான் அவர் நினைவில் இருந்தன. மூன்றாவது ஒன்று நாக்கின் நுனிவரை வந்து நின்றது; அதற்குள் பேருந்து புறப்பட்டுவிட்டது. அந்த இரண்டையும் அங்கேயே நின்று, பயணச்சீட்டின் பின்புறத்தில் தேதியிட்டு எழுதிக்கொண்டேன்.